நம் வீட்டுக் கதையை யார் எழுதுவது?

சங்க விழாக்களில் பந்தி முடிந்து, பெரியவர்கள் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும். "எங்கள் குடும்பக் கதையை எழுதினால் பெரிய நாவலே ஆகும்!" சொல்பவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். அடுத்த விழாவுக்குள் அந்தப் பெரியவர்களில் ஒருவர் நம்மிடையே இல்லாமல் போய்விடுவதும் உண்டு. கதையும் அவரோடு போய்விடும்.

இந்தக் கதைகளை யார் எழுதுவது? எந்த மொழியில் எழுதுவது? எழுதினால் யார் அச்சிடுவார்கள்? இதற்கு முன் நாவலே எழுதாத ஒருவரால் இது ஆகிற காரியமா? இக்கேள்விகளுக்கு விடை தேட, பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடைப்பட்ட மலைநாட்டைச் சற்றுப் பார்ப்போம். 1966 முதல் 1969 வரையிலான நான்கே ஆண்டுகளில், அந்த மண்ணைச் சேர்ந்த, அல்லது அம்மண்ணில் வாழ்ந்த மூவரின் நாவல்கள் வெளிவந்தன. மூன்றிலும் தமிழ் வாழ்வின் சாயல் உண்டு. ஆனால் மூன்றில் ஒன்றுகூடத் தமிழில் எழுதப்படவில்லை. இது நாம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

எல்லை எங்கே இருக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலை கோவைக்கு அருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மழையும் வண்டிகளும் வியாபாரிகளும் அந்த வழியாகத்தான் காலங்காலமாகப் போய் வந்தனர். மொழியும் அப்படித்தான் போய் வந்தது. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்திலுள்ள சிற்றூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. கல்பாத்தி அக்கிரகாரங்களிலும், சிற்றூர், கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் பக்கத்துக் கிராமங்களிலும், ராவுத்தர் குடும்பங்களிலும் தமிழ் இன்றும் வீட்டு மொழியாக இருந்து வருகிறது.

தெற்கே இறங்கினால் நெல்லியாம்பதி, பரம்பிக்குளம். அவற்றை அடுத்துத் தமிழ்நாட்டுப் பகுதியான ஆனைமலை, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள். அதையும் தாண்டினால் ஆனைமுடியும் மூணாறும். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று 1950களில் நடந்த போராட்டம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அவை கேரளத்தில் நின்றுவிட்டன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானது. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறிய குடும்பங்கள், எல்லைக் கோட்டின் எந்தப் பக்கம் தங்கள் லயம் விழுந்தது என்று பார்த்துக் கொண்டிருக்கவில்லை. லயம் என்றால் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடுகள். அவர்களுக்குக் கொழுந்து பறிக்கும் வேலைதான் முக்கியமாக இருந்தது.

இப்படி மொழிகள் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் நாம் பார்க்கப்போகும் புத்தகங்கள் பிறந்தன.

டில்லியில் எழுதப்பட்ட பாலக்காடு

முதலாவது ஓ.வி. விஜயன். 1930இல் பாலக்காட்டுப் பகுதியிலுள்ள விளயன்சாத்தனூரில் பிறந்தவர். தந்தையார் மலபார் சிறப்புக் காவல் படையில் அதிகாரி. சிறுவயதில் விஜயன் நோயாளிப் பிள்ளை. பன்னிரண்டு வயது வரை ஒழுங்கான பள்ளிப்படிப்பு இல்லை, வீட்டிலிருந்தே கற்றார். பிறகு பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். இளமையில் கம்யூனிசத்தில் தீவிர ஈடுபாடு உண்டு.

1956ஆம் ஆண்டு கல்லூரி ஆசிரியர் வேலை கைவிட்டுப் போயிருந்த சமயம். அவருடைய தங்கை சாந்தாவுக்கு, பாலக்காட்டுக்கு அருகே தஸ்ராக் என்னும் சிற்றூரில் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு விஜயனும் அங்கே போய்த் தங்கினார். வயல் நடுவே நாற்றங்காலைக் காவல் காக்கக் கட்டப்பட்ட "ஞாற்றுப்புரை" என்ற சிறு வீடு, பனைமரங்கள், மதரசா, ராவுத்தர் குடும்பங்கள், பேய்க்கதைகள், பெரியம்மைக் காலத்து நினைவுகள் என்று ஊரே ஒரு தனி உலகமாக இருந்தது. பேச்சோ மலையாளத்தில் தமிழ் ஊறிய பேச்சு.

எழுதவேண்டும் என்று அவர் முதலில் நினைத்த நாவல் வேறு. விவசாயிகளின் கிளர்ச்சி பற்றிய கதைகள் அவர் முன்பே எழுதியிருந்தார். புரட்சிக் கனல் இன்னும் தூக்கலாக இருக்கும் ஒரு நாவல் எழுதும்படி தோழர்கள் தூண்டினார்கள். நகரத்திலிருந்து வரும் படித்த இளைஞன் ஒருவன் கிராமத்தாருக்கு விழிப்பூட்டுவது போன்ற திட்டம். கதாநாயகன் தயார், ஊரும் தயார், கருத்தும் தயார். உட்கார்ந்து எழுதிவிட்டால் முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் ஹங்கேரியில் மக்கள் எழுச்சி ஏற்பட்டது. சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்தன. பிரதமர் இம்ரே நாகி 1958 ஜூனில் தூக்கிலிடப்பட்டார். இச்செய்திகள் விஜயனை உலுக்கிவிட்டன. தாம் உறுதியாக நம்பிய ஒன்று ஆட்டம் கண்டதும், அதன் மேல் கட்டியிருந்த நாவலும் சரிந்தது. எழுதத் தொடங்கியதை வைத்துக்கொண்டு அவர் மறுபடி யோசித்தார். அதே 1958இல் டில்லிக்குப் போய் "சங்கர்ஸ் வீக்லி" இதழில் கார்ட்டூன் வரையும் வேலையில் சேர்ந்தார்.

இங்கே நம் போன்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கிராமத்தைப் பற்றிய அந்த நாவல், பெரும்பகுதி டில்லி வாழ்க்கையின் நடுவேதான் உருப்பெற்றது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த ஒருவர், பகலில் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அரசியல் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டு, விட்டுவந்த ஊரின் பேச்சை மனசுக்குள் கேட்டுக் கேட்டு எழுதினார். தூரத்தில் இருப்பது எழுதுவதற்குத் தடை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? விஜயனுக்குத் தூரம்தான் பார்வையைத் தந்தது.

தஸ்ராக்குக்குப் போன நாளிலிருந்து எண்ணினால் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. ஊருக்கு உபதேசம் செய்ய வந்த புரட்சிக்காரன், இப்போது மனப்பாரத்தோடு ஓடிவந்து அந்த ஊரில் ஒதுங்கும் ரவி என்ற பள்ளி ஆசிரியனாக மாறியிருந்தான். கற்றுக்கொடுக்க வந்தவனுக்கு ஊர் கற்றுக்கொடுத்தது. தஸ்ராக், நாவலில் கசாக் ஆயிற்று. அல்லாப்பிச்சா மொல்லாக்கா, நைஜாம் அலி, மைமுனா, அப்புக்கிளி முதலான பாத்திரங்கள் பிறந்தனர். "கசாக்கின் இதிகாசம்" 1968 ஜனவரி இறுதியில் "மாத்ருபூமி" வார இதழில் தொடராக வரத் தொடங்கியது. 28 வாரங்கள் வந்தது. 1969இல் புத்தகமாயிற்று.

வரவேற்பும் எதிர்ப்பும் சேர்ந்தே வந்தன. ஒழுக்கக் குறைவு என்றார்கள் சிலர். கட்டுக்கோப்பு இல்லை என்றார்கள் சிலர். ஆனால் மலையாள நாவலைக் "கசாக்குக்கு முன், கசாக்குக்குப் பின்" என்று பிரித்துப் பேசும் வழக்கமே பின்னர் உண்டாகிவிட்டது. இந்த நாவல் எழுதிய அனுபவத்தை மட்டுமே சொல்வதற்கு "இதிகாசத்தின் இதிகாசம்" என்று தனியாக ஒரு நூலையும் விஜயன் எழுதினார். 1994இல் தாமே ஆங்கிலத்திலும் எழுதி வெளியிட்டார். 2005இல் அவர் மறைந்தார். தஸ்ராக்கின் அந்த ஞாற்றுப்புரை இன்று அவருடைய நினைவில்லமாக இருக்கிறது.

நோயாளிகளிடம் கதை கேட்ட டாக்டர்

அதே 1969ஆம் ஆண்டு, அதே மலைத்தொடரின் நடுப்பகுதியைப் பற்றி இன்னொரு முதல் நாவல் வெளிவந்தது. எழுதியவர் டாக்டர் பி.எச். டேனியல். இவர் இலக்கியவாதி அல்லர். தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர், தொழிலாளர் நலனுக்காகவும் உழைத்தவர். நாவலின் பெயர் "ரெட் டீ", அதாவது சிவப்புத் தேநீர். எழுதிய மொழி ஆங்கிலம்.

கதை 1920களில் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்ற கிராமம். மழை இல்லை, கூலி இல்லை. கருப்பனும் அவன் மனைவி வள்ளியும், மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆனைமலைக்குப் போகச் சம்மதிக்கிறார்கள். அந்த முன்பணம்தான் கண்ணி. மலையில் மழையும் அட்டையும் குளிரும் மலேரியாவும் காத்திருக்கின்றன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடன் தீர்ந்திருக்காது. தீராத கடனோடு மலையிறங்க முடியாது. வந்தவர்களில் பலர் அங்கேயே மண்ணோடு மண்ணாகிறார்கள். பிற்பகுதியில் வரும் ஆபிரகாம் என்ற மருத்துவரின் வழியாக, தோட்டத்து ஆஸ்பத்திரியின் நிலைமையும் வெளிச்சத்துக்கு வருகிறது.

தமக்கு முந்தைய தலைமுறையின் அந்த வாழ்க்கையை டேனியல் முதிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்தார். மருத்துவர் என்பதால் நோயை அவருக்குத் தெரியும். நோய்க்குக் காரணம் கொசு மட்டுமல்ல, கூலிக் கணக்கும்தான் என்பதையும் அவர் தெரிந்து வைத்திருந்தார். இலக்கண சுத்தமான நாவலா என்று கேட்டால் விமர்சகர்கள் குறை சொல்லக்கூடும். ஆனால் வேறு எவரும் எழுதாததை அவர் எழுதி வைத்தார்.

ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். கருப்பனும் வள்ளியும் பேசியது தமிழ். அவர்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் படித்ததும் தமிழ். புத்தகமோ ஆங்கிலத்தில் இருந்தது. அது தமிழுக்கு வந்து சேர 38 ஆண்டுகள் ஆயின. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் "எரியும் பனிக்காடு" என்ற பெயரில் 2007இல் வெளிவந்தது. அதைத் தழுவி இயக்குநர் பாலா 2013இல் "பரதேசி" படத்தை எடுத்த பிறகுதான், நம்மில் பலருக்கு இப்படி ஒரு நாவல் இருப்பதே தெரியவந்தது. 1920களில் மலையேறியவர்களில் அதைத் தமிழில் படித்துப் பார்க்க 2007இல் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

விஜயனின் நூலும் தாமதமாகத்தான் தமிழுக்கு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் பிறந்த நாவல், யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் நம் கைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த மொழிபெயர்ப்புக்கு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

வீட்டில் தமிழ், ஏட்டில் மலையாளம்

மூன்றாவது எழுத்தாளரை நம் வாசகர்கள் தங்கள் உறவினர் போலவே உணர்வார்கள். கல்பாத்தியில் 1927இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே.வி. ராமகிருஷ்ண ஐயர்தான் மலையாட்டூர் ராமகிருஷ்ணன் என்ற பெயரில் புகழ்பெற்ற மலையாள நாவலாசிரியர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாகவும் இருந்தவர். அவருடைய "வேர்கள்" 1966இல் வெளிவந்து, கேரள சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

கதை நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. ரகு என்ற அதிகாரி, நகரத்தில் பெரிய வீடு கட்ட வேண்டும் என்ற மனைவியின் ஆசைக்காக, பூர்வீகச் சொத்தை விற்க ஊருக்குப் போகிறான். அங்கே பழைய வீடும் உறவுகளும் இளமை நினைவுகளும் அவனைப் பிடித்துக்கொள்கின்றன. கேரளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் தலைமுறைக் கதை அது. வீட்டில் தமிழ் பேசியவர் அதை மலையாளத்தில் எழுதினார். அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர் படித்ததும் பழகியதும் அந்த மொழியில். வாசகர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

ஆனால் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் படிப்பது ஆங்கிலத்தில். அல்லது இந்தியில், கன்னடத்தில், மராத்தியில். நாளை நம் வீட்டுக் கதையை அவர்கள் எழுதினால் அந்த மொழிகளில்தான் எழுதுவார்கள். அதையும் வரவேற்போம். அதற்கு முன், தமிழில் நினைத்துத் தமிழிலேயே எழுதக்கூடிய கடைசித் தலைமுறை ஒருவேளை நாமாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

படிப்பவர்தான் எழுதுகிறார்

"நான் எழுத்தாளன் இல்லையே" என்று சிலர் தயங்குவார்கள். முதல் நாவல் எழுதிய எவரும் அதற்கு முன் நாவலாசிரியராக இருந்ததில்லை. தமிழின் முதல் நாவலான "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879இல் வந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தில் முன்சீப். மலையாளத்தின் புகழ்பெற்ற முதல் நாவலான "இந்துலேகா" 1889இல் வந்தது. எழுதிய ஓ. சந்துமேனனும் முன்சீப்தான்!

சந்துமேனன் எழுத வந்த விதம் சுவையானது. அவருக்கு ஆங்கில நாவல்கள் படிப்பதில் மோகம். படித்ததை வீட்டாருக்குக் கதையாகச் சொல்வார். கேட்டவர்களுக்கும் மோகம் பிடித்துக்கொண்டது. ஒரு நாவலையாவது மலையாளத்தில் மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்றார்கள். டிஸ்ரேலியின் நாவல் ஒன்றை எடுத்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். சரிப்பட்டு வரவில்லை. அந்நிய ஊர் வழக்கங்களை விளக்கி விளக்கிக் கதையே காணாமல் போயிற்று. விட்டுவிட்டுத் தம் ஊர்க் கதையையே எழுதினார்.

"எரியும் பனிக்காடு" மொழிபெயர்த்த முருகவேளும் பிற்காலத்தில் "மிளிர் கல்", "முகிலினி" என்று சொந்த நாவல்கள் எழுதினார். படிப்பது, பிறருக்குச் சொல்வது, மொழிபெயர்ப்பது எல்லாம் எழுத்துக்கு ஏறும் படிகளே.

தோட்டத்துக் கதைகளைப் படிக்க விரும்புவோருக்கு வேறு நூல்களும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களைப் பற்றிப் புதுமைப்பித்தன் 1930களிலேயே "துன்பக்கேணி" எழுதினார். அஸ்ஸாம் தோட்டங்களைப் பற்றி முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். அதே ஆனந்தின் முதல் நாவலான "தீண்டத்தகாதவன்", 19 பதிப்பாளர்கள் மறுத்த பிறகுதான் 1935இல் லண்டனில் அச்சேறியது. கையெழுத்துப் பிரதி ஒருமுறை திரும்பி வந்ததும் பரணில் போட்டுவிடுபவர்கள் இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எழுத உட்காருபவர்களுக்கு

மேலே சொன்னவர்களின் அனுபவத்திலிருந்து நமக்குப் பயன்படக்கூடிய சில குறிப்புகளைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலில் கேளுங்கள். டேனியல் செய்தது அதுதான். இன்று கைபேசியிலேயே ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. வீட்டுப் பெரியவரிடம் "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் அவர் திகைத்துப் போவார். "மலைக்கு வந்த முதல் நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை, பிரசவம் யார் பார்த்தார்கள், கடிதத்தை யார் வாசித்துக் காட்டினார்கள் என்று சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள்.

இரண்டாவது, அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். மலையாளம் கலந்த பாலக்காட்டுத் தமிழையும், "துரை", "கங்காணி", "பெரட்டு" என்று வரும் தோட்டத்துச் சொற்களையும், நம் வீடுகளில் ஒலிக்கும் கலப்புத் தமிழையும் நாம் வெளியில் காட்டக் கூச்சப்படுகிறோம். விஜயன் அப்படிப்பட்ட பேச்சை எடுத்துத்தான் ஒரு காவியமே செய்தார். ஒரு குடும்பம் எங்கெங்கே குடியேறியது என்ற வரலாறு அந்தக் கலப்பிலேயே இருக்கிறது.

மூன்றாவது, திட்டம் மாறினால் மாறட்டும். தாத்தாவைத் தியாகியாகக் காட்ட எண்ணித் தொடங்கியிருப்பீர்கள். எழுத எழுத, பாட்டிதான் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று தெரியவரலாம். அப்போது கதையைப் பாட்டியிடம் கொடுத்துவிடுவதே முறை.

நான்காவது, உயிரோடு இருப்பவர்களின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொத்துத் தகராறு, கலப்பு மணம், கடன் இவையெல்லாம் எந்தக் குடும்பக் கதையிலும் வரும். பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்ளலாம். தஸ்ராக் கசாக் ஆகவில்லையா?

ஐந்தாவது, முடித்த பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் அந்த வாழ்க்கையை அறிந்தவராகவும், மற்றவர் அறியாதவராகவும் இருக்கட்டும். முதலாமவர் பிழையைக் காட்டுவார். இரண்டாமவர் புரியாத இடத்தைக் காட்டுவார். புகழ மட்டுமே தெரிந்த நண்பருக்குப் புத்தகம் வந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

அச்சேற்றும் வழி

விஜயனின் நாவல் முதலில் வார இதழில் தொடராக வந்தது. இன்று முதல் நாவலைத் தொடராக வெளியிடும் இதழ்கள் குறைவு. ஆயினும் ஓர் அத்தியாயத்தைச் சிறுகதையாக மாற்றி இதழ்களுக்கு அனுப்பலாம். நம் சங்க மலர் போன்றவையும் இருக்கவே இருக்கின்றன. பெயர் நாலு பேருக்குத் தெரிந்தால் பதிப்பாளரும் பிரதியைப் புரட்டிப் பார்ப்பார். அனுப்புமுன் அந்தப் பதிப்பகம் எத்தகைய நூல்களை வெளியிடுகிறது என்று பாருங்கள். ஜோதிடமும் சமையலும் வெளியிடுபவரிடம் நாவலை அனுப்பிக் காத்திருப்பதில் பயனில்லை. பிரதி ஒன்றை எப்போதும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பாளர் சம்மதித்தால் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எத்தனை படிகள் அச்சிடுவார்? அச்சுச் செலவு யாருடையது? ஆசிரியர் பங்கு எத்தனை சதவீதம்? உரிமை எவ்வளவு காலத்துக்கு? எழுதியவரே பணம் கொடுத்துப் போடுவதும் உண்டு. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் கொடுத்த பணத்துக்கு எத்தனை படிகள் கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சட்டம் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி நூலின் உரிமை எழுதிய அன்றே எழுதியவருக்கு உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஆசிரியரின் வாழ்நாளுக்கும், அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கும் அது செல்லும். உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்துமூலம் கையொப்பமிட்டுத்தான் கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாமல் கொடுத்திருந்தால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மொழிபெயர்ப்பு உரிமையையும் திரைப்பட உரிமையையும் தனியாகப் பேசி வைத்துக்கொள்வது விவேகம். ஐ.எஸ்.பி.என். எனப்படும் நூல் எண்ணை இந்தியாவில் ராஜாராம் மோகன்ராய் பெயரிலான தேசிய நிறுவனம் கட்டணமின்றி வழங்குகிறது. சொந்தமாக வெளியிடுபவரும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வசிப்பவர்கள் அந்தந்த நாட்டு விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலம் காத்திருக்காது

மூணாறு மலையில் கதை முடிந்துவிடவில்லை. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களே சாலையில் அமர்ந்து போனஸுக்கும் கூலிக்கும் போராடினார்கள். "பெண்கள் ஒற்றுமை" என்ற பொருளில் "பெம்பிளை ஒருமை" என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஒரே குடும்பத்தில் பலர் ஒன்றாகப் போனார்கள். அந்த வீடுகளில் மூன்று, நான்கு தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த கதைகளும் மண்ணுக்குள் போயின. செய்தித்தாள்கள் எண்ணிக்கையைச் சொல்லின. அங்கே என்ன பாட்டுப் பாடினார்கள், யாருக்கு யார் மேல் கோபம், எந்தப் பிள்ளை படித்து மலையிறங்கப் போவதாக இருந்தது என்பதையெல்லாம் அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

நம் குடும்பங்களும் ஒரு காலத்தில் எங்கிருந்தோ புறப்பட்டு வந்தவைதான். ரயில் டிக்கெட்டோ, கப்பல் டிக்கெட்டோ, விமான டிக்கெட்டோ, வித்தியாசம் அவ்வளவுதான். அந்தப் பயணத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல நாம் எழுதினால், கருப்பன் வள்ளி கதை தமிழுக்கு வர 38 ஆண்டுகள் காத்திருந்தது போல நம் பேரப்பிள்ளைகள் காத்திருக்க வேண்டியிராது.

இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள மூத்தவரின் அருகில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். நாவல் ஆகிறதோ இல்லையோ, அந்தப் பக்கம் உங்கள் வீட்டில் இருக்கும்.